மடி மாறிய பை

இந்தக் கதைக்குள் நுழையுமுன் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். நோய் இருக்கிறதா என்று பார்க்க உடம்பிலிருந்து ஊசியால் எடுக்கும் சதை, பெரிய மருத்துவமனைகளில் ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்குத் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும். சிறிய மருத்துவமனைகளில் அப்படியில்லை. மருந்துநீர் நிரம்பிய சிறு குப்பியில் அதைப் போட்டு, மூடியை இறுக்கி, பெயரெழுதிய சீட்டை ஒட்டி, நோயாளியின் வீட்டாரிடமே கொடுத்துவிடுவார்கள். ஆய்வகத்தில் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. வீட்டார் எவரும் உடன் வராதபோது நோயாளியே தன் சதையைத் தான் சுமந்து போவதும் உண்டு. இனி, நகரப் பேருந்தின் வழக்கம். நெரிசலில் நிற்பவர் தம் பையை, சில வேளை குழந்தையையே, அமர்ந்திருப்பவர் மடியில் வைப்பார், அமர்ந்திருப்பவர் மறுப்பதில்லை, இருவரும் ஒருவர் பெயரை ஒருவர் கேட்பதில்லை, அமர்ந்தவர் முதலில் இறங்க நேர்ந்தால், தம் இடத்தில் அமர்பவர் மடிக்குப் பையையும் மாற்றிவிட்டு இறங்குவார். இதை யாரும் யாருக்கும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்ததாகத் தெரியவில்லை. கடைசியாகக் குணவதி. ஐம்பதைக் கடந்தவள், துவாக்குடியில் கொதிகலன் உறுப்புகள் செய்யும் பட்டறை ஒன்றில் பண்டகசாலைப் பொறுப்பாளர். ஒரு திருகாணிகூடக் கையொப்பம் இல்லாமல் அவளிடமிருந்து வெளியேறியதில்லை. கணவர் பரமானந்தம் லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறார். பிள்ளைகள் இல்லை. அன்று முற்பகல் அவள் எங்கே போனாள் என்பது அவருக்குத் தெரியாது.

திருவரங்கத்து நிறுத்தத்தில் ஒன்றாம் எண் பேருந்து வந்து நின்றபோது அதில் ஏற எந்தக் காலை முதலில் வைப்பது என்று குணவதி ஒரு கணம் திகைத்தாள். இத்தனை ஆண்டுகளாக ஸ்கூட்டரிலேயே போய் வந்தவளுக்குப் பேருந்தின் படி இவ்வளவு உயரமா என்றிருந்தது, அல்லது படி பழைய உயரத்திலேயேதான் இருந்ததோ என்னவோ, இடப்புறம் மரத்துக் கிடக்கும் உடம்புதான் தாழ்ந்துவிட்டதோ. இன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆட்டோவில் போகலாம், ஆனால் நிறுத்தத்தில் நிற்கும் ஆட்டோக்காரர்கள் எல்லாரும் பரமானந்தத்தைப் பெயர் சொல்லி அழைப்பவர்கள், ஆய்வகத்து வாசலில் இறக்கிவிட்ட அரை மணியில் செய்தி லாரி ஆபீசுக்குப் போய்விடும், பிறகு அவர் மேசையை விட்டு எழுந்து, எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்து, ஆபீசு முழுக்கக் கேட்கும்படி, தெரு முழுக்கக் கேட்கும்படி, வேண்டாம். எரிவாயு உருளையில் லேசாகக் கசிவு வந்த நாளிலேயே எதிர்வீட்டுக்காரர்களையெல்லாம் வாசலுக்கு வரவழைத்த மனிதர். முடிவு வரட்டும், வந்த பிறகு சொல்லலாம், சொல்ல வேண்டிய தேவை இருந்தால். 'மூடி இறுக்கமாத்தான் இருக்கு, இருந்தாலும் சாய்க்காம கொண்டு போங்கம்மா' என்று சொல்லியிருந்தாள் குப்பியைக் கொடுத்த செவிலி. இறுக்கமாக இருந்தால் சாய்த்தால் என்ன? சாய்க்கக் கூடாதென்றால் இறுக்கமாக இல்லையா? பட்டறையில் இப்படி ஒருவன் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவாள், ஒன்றைச் சொல், உறுதியாகச் சொல் என்று. ஆனால் அந்த அறையில் குளிர்ந்த கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டிருந்தபோது அவளுக்கு யாரையும் திருப்பி அனுப்பும் தெம்பு இருக்கவில்லை. குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். தெளிந்த நீருக்குள் வெள்ளை நூல் துணுக்குகள் சில, தையற்காரர் மேசைக்கடியில் கிடப்பவைபோல, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. இவ்வளவுதானா நான் என்று தோன்றியது. இவ்வளவிலிருந்து எப்படிச் சொல்வார்கள். பிறகு குப்பியைத் துணிப்பைக்குள் நிமிர்த்தி வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பேருந்துக்குள் கூட்டம். நடத்துநர் பின்படியிலிருந்து 'நடுவுல பாருங்க, கல்யாணமே நடத்தலாம் போல காலியா கெடக்கு, உள்ள போங்கம்மா உள்ள போங்க' என்று தள்ளிக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு விரல் நுழையவும் இடமில்லை. கம்பியைப் பிடிக்க வலக்கை வேண்டும். பையைப் பிடிக்கவும் வலக்கை வேண்டும், இடக்கையைத் தூக்கினால் இடமார்பில் கட்டுப் போட்ட இடம் இழுக்கும். பையை மார்போடு சேர்த்து வலக்கையால் அணைத்துக்கொண்டு, இடுப்பை ஓர் இருக்கையின் விளிம்பில் சாய்த்து நின்றாள், வண்டி நகர்ந்ததும் அந்த ஏற்பாடு குலைந்தது, மறுபடி நின்றாள், மறுபடி குலைந்தது. இப்படி நிற்கக் கூடாது என்று எங்கோ ஒரு நினைவு சொன்னது. காலை அகட்டி, வண்டி போகும் திசைக்குக் குறுக்காகத் திரும்பி, முழங்காலைத் தளர்த்தி நிற்க வேண்டும், வண்டியோடு சண்டை போடக் கூடாது, அது ஆடும்போது நாமும் ஆட வேண்டும். பாலிடெக்னிக்கில் படித்த நாட்களில் உடம்பு தெரிந்துவைத்திருந்த பாடம். யார் மேலாவது விழுந்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, விழுந்தவர் நாம், தாங்கியவர் அவர், அடுத்த வளைவில் அது அப்படியே மாறும். அந்த நாட்களில் எத்தனை முன்பின் தெரியாத தோள்களில் விழுந்து எழுந்திருக்கிறாள். பிறகு ஸ்கூட்டர் வந்தது, தலைக்கவசம் வந்தது, யார் மேலும் விழ வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. அதை ஒரு வெற்றி என்றே நினைத்திருந்தாள்.

'குடுக்கா இப்படி. என்னத்த மாரோட கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?' என்று கீழிருந்து ஒரு குரல் கேட்டது. சன்னலோர இருக்கையில் இருந்த பெண் ஒருத்தி. புதிதாக வாங்கிய சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியைக் கால்கள் மேலே பார்க்கக் கவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். கையை நீட்டியபடியே இருந்தாள், கொடுப்பார்களா மாட்டார்களா என்ற கேள்வியே அந்தக் கையில் இல்லை. குணவதி கொடுக்கவில்லை. வேண்டாங்க, பரவாயில்லைங்க என்றாள். 'அட குடுங்கக்கா, நான் என்ன தூக்கிட்டு ஓடவா போறேன், பாலத்துமேல எங்க ஓடுறது?' பக்கத்து இருக்கைகளில் சிரித்தார்கள். வண்டி வளைந்தது, பை நழுவப் பார்த்தது, நழுவிய பையை அந்தக் கை பிடித்துக்கொண்டது. கொடுத்ததா, போனதா என்று குணவதியால் வகைப்படுத்த முடியவில்லை. 'சாய்க்காதீங்க' என்று மட்டும் சொல்ல முடிந்தது. 'ஏன், என்ன உள்ள?' என்ன உள்ளே. ஒரு பேருந்து நிறைய மனிதர் நடுவில் என்ன உள்ளே என்று எப்படிச் சொல்வது. 'குழம்பு' என்றாள். 'மீன் குழம்பா?' 'காரக்குழம்பு.' 'மகளுக்கா?' குணவதி தலையசைத்தாள். இல்லாத மகளுக்கு, இல்லாத குழம்பு, ஒரு நொடியில் இரண்டு பொய். பொய் சொல்லிப் பழகாத நாக்கில் அவை எவ்வளவு எளிதாக வந்தன. அந்தப் பெண் முக்காலியின் கால்களுக்கு நடுவே, தொட்டிலுக்குள் வைப்பதுபோல, பையை நேராக நிறுத்தி, இரண்டு புறமும் உள்ளங்கையால் அணை கொடுத்து, 'இனி பூகம்பமே வந்தாலும் சிந்தாது' என்று சொல்லிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

காவிரிப் பாலம் வந்தது. தண்ணீர் கரைக்குக் கரை நிறைந்து போய்க்கொண்டிருந்தது, வெயில் அதன்மேல் சில்லுசில்லாக உடைந்து கிடந்தது, கம்பிகளின் நிழல் எல்லார் முகத்தின் மேலும் ஒன்றாக ஓடியது, முகம் பார்த்து ஓடவில்லை. குணவதி பையைப் பார்த்தாள். சிவப்புக் கால்களுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தன் உடம்பின் ஒரு பகுதி தன்னைவிட வசதியாக இடம் பிடித்துக்கொண்டு, சன்னலோரமாக, ஆறு பார்த்தபடி போகிறது என்று நினைத்ததும் சிரிப்பு வரப் பார்த்தது, வந்த சிரிப்பு அழுகையாக மாறப் பார்த்தது, இரண்டையும் விழுங்கினாள். அந்தப் பெண்ணின் உள்ளங்கைக்கும் அந்த நூல் துணுக்குகளுக்கும் இடையே ஒரு துணி, ஒரு பிளாஸ்டிக். எனக்குள் இருந்ததை நானே தொட்டதில்லை, இவள் தொட்டுக்கொண்டிருக்கிறாள், தெரியாமல். தெரிந்தால் எடுத்துவிடுவாளா கையை? எடுக்க மாட்டாள் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றுகிறது என்று தெரியவில்லை. எதைக் கொண்டு நம்புகிறாய், என்ன ஆதாரம், என்று பண்டகசாலைக்குள் இருக்கும் குணவதி கேட்டாள். ஆதாரம் இல்லை. பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எந்த நிறுத்தத்தில் இறங்குவாள் என்பதும் தெரியாது. பட்டறையில் உருக்குக் குழாய் ஒன்றை ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு நகர்த்துவதென்றால்கூட மூன்று பேர் ஒப்புக்கொள்ள வேண்டும். இங்கே உயிரா சாவா என்று தீர்மானிக்கப்போகிற ஒன்றை ஒருத்தி முக்காலிக்குள் வைத்துக்கொண்டு கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உலகம் இப்படித்தான் நடக்கிறதா? தான் இல்லாத இத்தனை ஆண்டுகளும் இந்தப் பாலத்தின்மேல் இப்படித்தான் நடந்துகொண்டிருந்ததா, காலையும் மாலையும், பால்புட்டியும் பள்ளிப் பையும் எக்ஸ்ரே உறையும் மடி மாறி மடி மாறி? உடம்பு சிலிர்த்தது. கோயிலில் திரை விலகும்போது சிலிர்ப்பதாகச் சொல்வார்கள், அவளுக்கு அங்கே ஒருநாளும் சிலிர்த்ததில்லை.

சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கியவர்களைவிட ஏறியவர்கள் பன்மடங்கு. அலை ஒன்று பின்னாலிருந்து வந்து அவளைப் பெயர்த்து முன்னால் கொண்டுபோய் வைத்தது, முன்படிக்கு அருகே, ஓட்டுநருக்குப் பின்னால். கால் தரையில் இருக்கிறதா என்பதே தெரியவில்லை. திரும்பிப் பார்த்தாள். தலைகள். சிவப்பு முக்காலி எங்கும் இல்லை. முக்காலிக்காரி இறங்கிவிட்டாள். பை? அவள் இடத்தில் யாரோ உட்கார்ந்திருக்க வேண்டும், பையும் அவர் மடியில் இருக்க வேண்டும், வழக்கம் அதுதான். ஆனால் வழக்கம் என்பது என்ன, எங்கே எழுதியிருக்கிறது. கூப்பிட வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள். ஏன் மூடினாள் என்று தன்னையே கேட்டபோதுதான் அந்த நினைப்பு, எங்கிருந்தோ மெல்ல, பூனை நுழைவதுபோல் நுழைந்தது. தொலைந்தால்தான் என்ன? குப்பி இல்லையென்றால் சோதனை இல்லை. சோதனை இல்லையென்றால் முடிவு இல்லை. முடிவு இல்லையென்றால் சொல்வதற்கு எதுவும் இல்லை, நாற்காலி விழாது, தெரு கூடாது, நாளைக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு துவாக்குடிக்குப் போகலாம். தொலைத்தது நான் இல்லை, பேருந்து. யாரும் குறை சொல்ல முடியாது. மெயின்கார்டு கேட்டில் வண்டி நின்றது, கிளம்பியது, அந்த நினைப்பு அவளோடு நின்றது, அவளோடு கிளம்பியது. இவ்வளவு எளிதா. இவ்வளவு எளிதாக ஒருத்தி தன்னைத் தொலைத்துவிட முடியுமா, யாருக்கும் தெரியாமல், பட்டப்பகலில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே. மறுபடி ஊசி போடுவார்கள். போட விடாவிட்டால்? விடாமலும் இருக்கலாம். விடாமல் இருந்தவர்களை அவளுக்குத் தெரியும், அவர்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டதையும் தெரியும். ஆனால் அந்த நினைப்பில் ஒரு நிழல் இருந்தது, குளிர்ச்சி இருந்தது, அதற்குள் நின்றுகொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பாலக்கரையைத் தாண்டியபோது பின்னால் ஓர் இளம்பெண் குரல் கேட்டது. 'நான் இறங்கணும். இந்தக் குழம்பு யாருது?' 'கொடுத்த அக்கா முன்னாடி போயிட்டாங்கன்னு அந்த ஸ்டூல்காரம்மா சொல்லிட்டுத்தான் எறங்குனாங்க' என்றது பக்கத்து இருக்கைக் குரல். 'அப்ப முன்னாடி அனுப்புங்க.' 'பாத்து பாத்து, சாய்க்கக் கூடாதாம்.' 'யாருக்குங்க குழம்பு?' 'மகளுக்காம்.' 'கொடுத்து வெச்ச மக. எங்கம்மா பொட்டலம் உப்புக்கூட அனுப்புனதில்ல.' சிரிப்பு. அப்புறம் குணவதி அதைப் பார்த்தாள். தலைகளுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, அவளுடைய பை வந்துகொண்டிருந்தது. ஒரு கை கீழிருந்து தாங்கியது, மற்றொரு கை பையின் வாயைப் பிடித்திருந்தது. அடுத்தவரின் கை வந்து அடியில் தாங்கிய பிறகே முன்னவர் கை விலகியது. வளையலிட்ட கை, மசி படிந்த கை, கைக்கடிகாரம் கட்டிய தடித்த கை, மருதாணி மங்கிய கை. யாரும் சொல்லிவைத்துக்கொள்ளவில்லை. எரியும் விளக்கை அணையாமல் கைமாற்றுவதுபோல் மாற்றினார்கள், அதேசமயம் பேசிக்கொண்டும், போனைப் பார்த்துக்கொண்டும், கொட்டாவி விட்டுக்கொண்டும். வண்டி குலுங்கியபோதெல்லாம் பை மட்டும் குலுங்கவில்லை. அவள் வாழ்நாளில் கண்ட எந்தக் காட்சியிலும் இல்லாத ஒழுங்கு அதில் இருந்தது. அவள் ஆண்டுக்கணக்காகக் கதவைப் பூட்டிக் காத்த ஒழுங்கு இதன் முன்னால் வெறும் குழந்தை விளையாட்டு. பை அவள் தலைக்கு நேராக வந்தது. கையை உயர்த்தினால் போதும், என்னுடையது என்றால் போதும். அவள் உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்றவர் அவளைத் தாண்டி எட்டி வாங்கி முன்னால் கொடுத்தார், தன் கண்முன்னே தன்னைக் கடந்து அது போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கடைசியில் அதை வாங்கியவர் முன்படிக்கருகே நின்ற ஒரு காவலாளி, எந்த வங்கியிலோ கடையிலோ வேலை முடிந்து போகிறவர்போல் நீலச் சீருடையில் இருந்தார், வயிறு பெருத்தவர். அதற்குமேல் கொடுக்க யாருமில்லை. 'யாருதுப்பா அந்தக் குழம்பு?' என்று நடத்துநர் பின்னாலிருந்து கத்தினார். 'அடுத்து ஹெட் போஸ்ட் ஆபீசு, எறங்குறவங்க எறங்கிட்டா குழம்ப டிரைவரண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவாரு.' 'காரக்குழம்புன்னா எடுத்துக்கறேன்' என்றார் ஓட்டுநர், திரும்பாமலே. குணவதி இறங்க வேண்டிய நிறுத்தம் அதுதான். படிக்கு ஓரெட்டு. கதவு திறக்கும், இறங்கிவிடலாம். அப்போது குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் வந்திருக்க வேண்டும்; வண்டி ஒரேயடியாக நின்றது. எல்லாரும் முன்னால் சரிந்தார்கள், எல்லாரும் எதையாவது பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காவலாளி மட்டும் எதையும் பிடிக்கவில்லை. பிடிக்க அவரிடம் கை இருக்கவில்லை. இரண்டு கைகளிலும் பை இருந்தது. அதை நெஞ்சுக்கு நேராக உயர்த்திப் பிடித்தபடியே அவர் முழு உடம்போடு சாய்ந்து, இரும்புத் தடுப்பில் முழங்கை மோத, முட்டி போட்டு விழுந்தார். விழுந்த பிறகும் பை நேராகவே இருந்தது. அவர் முதலில் பார்த்தது பையைத்தான். 'முழங்கை போச்சு' என்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. 'குழம்பு தப்பிச்சிருச்சு.' அதற்கு எழுந்த சிரிப்பின் நடுவில் குணவதியின் வாய் தானாகத் திறந்தது. அவளுக்குள் இருந்த நிழலும் குளிர்ச்சியும் போன இடம் தெரியவில்லை. எவனோ ஒருவன், இதைத் தாழ விடக் கூடாதென்று தன்னைத் தாழ விட்டிருக்கிறான், எதுவென்று தெரியாமலே. தெரிந்த நான் கை கட்டிக்கொண்டு நிற்கிறேன். 'என்னுது' என்றாள். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னாள், 'அது என்னுதுங்க. குடுங்க.'

'இவ்வளவு நேரம் பக்கத்துலதானம்மா நின்னீங்க' என்றார் அவர், முட்டியைத் தட்டிக்கொண்டே எழுந்து. கோபமில்லை, வியப்புத்தான். கொடுக்கும்போதும் அடியில் தாங்கியே கொடுத்தார், அவள் வலக்கை அடியில் வந்து சேரும்வரை விடவில்லை. 'அடி பட்டுருச்சா?' என்று அவள் கேட்டாள். 'அது கெடக்கட்டும். ஒரு வாசமும் வரலயேம்மா, பெருங்காயம் போடலயா?' அவள் பையை நேராகப் பிடித்துக்கொண்டு படிப் பக்கம் திரும்பினாள். 'சரி, எறங்குங்க, மக பசியோட இருக்கும்' என்று வழிவிட்டார். வண்டி நிறுத்தத்துக்கு வந்து நின்றதும் அவள் இறங்கினாள், இறங்கும்போது யாரோ முழங்கையைப் பிடித்துத் தரையில் விட்டார்கள், யாரென்று திரும்பிப் பார்ப்பதற்குள் விசில் ஊதிவிட்டது. பேருந்து நிறையத் தலைகள் நகர்ந்து போயின. ஒருவரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அவர்கள் எதையும் செய்துவிட்டதாக நினைக்கவில்லை.

பின்னர் உறுதியானவை இவை. குப்பியிலிருந்து ஒரு சொட்டும் கசியவில்லை. நூல் துணுக்குகள் அனைத்தும் முழுமையாக இருந்தன என்று ஆய்வகத்துப் பெண் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொன்னாள். அடுத்த வாரம் வந்த முடிவில் நோய் இருந்தது. அக்குளுக்கு அது பரவவில்லை. இன்னும் சில மாதம் தாழ்த்தியிருந்தால் பரவியிருக்கும் என்று அறுவை மருத்துவர் கருதினார். மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கவில்லை. முக்காலிக்காரியோ, இளம்பெண்ணோ, காவலாளியோ யாரென்று தெரியவரவில்லை. அவர்கள் சுமந்தது என்னவென்று அவர்களுக்கும் தெரியவரவில்லை. பரமானந்தத்திடம் சொல்ல அவள் முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. குப்பியைக் கொடுத்த கையோடு ஆய்வகத்துப் படியில் உட்கார்ந்து போன் செய்து, நடந்ததை வரிசையாகச் சொன்னாள். மறுமுனையில் நாற்காலி எதுவும் விழவில்லை. 'அங்கயே இரு' என்று மட்டும் சொன்னார். ஒன்றாம் எண் பேருந்தில்தான் வந்தார், நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும், சட்டை தோளில் நனைந்திருந்தது. வந்தவர் ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. அவள் பக்கத்தில், ஒரு படி கீழே உட்கார்ந்து, 'வலிக்குதா?' என்றார். ஊசி போட்ட இடத்தின் மரப்பு விட்டு வெகுநேரம் ஆயிருந்தது. வலிக்கிறது என்பது அப்போதுதான் அவளுக்கே உறுதியாயிற்று.